நாலு குண்டுக்கு ஒரு நிறுத்தம்

சமாதானக் காலம் எண்டு சொல்லிக்கொண்ட வருசங்களில மன்னார் ரவுணில ஒரு கொம்பியூட்டர் கடை இருந்தது. ஆறு மெஷினை வயரால இணைச்சு, மூண்டுக்கு மூண்டு பேராச் சண்டை கேம் விளையாட விடுவார் கடைக்கார நானா. ஒரே ஒரு கட்டளை: சத்தம் வைக்கக்கூடாது. றோட்டில ஆமி ரோந்து போகும். உள்ளுக்க வெடிச்சத்தம் கேட்டால் பிறகு கடையில்லை. அதால எங்கட யுத்தம் முழுக்க ஊமை யுத்தம்தான்.

ஒரு பக்கத்துக்கு ஒரு மெஷின் கன்தான் கிடைக்கும். எங்கட பக்கத்தில அந்தத் துவக்கு எனக்கு. பேசாலையில இருந்து வெயிலுக்க சைக்கிள் உழக்கி வாறதே அதுக்காகத்தான்.

பிறகு அவன் வந்தான். பாலத்துக்கு அங்கால பாப்பாமோட்டைப் பெடியன், மலைநாட்டில இருந்து வந்து குடியேறின குடும்பம். பாலத்தடி ஆமிச் சென்றியில அடையாள அட்டை காட்டி, ரியூசனுக்கு வாறவன். "ஒருக்காக் குடு மச்சான், பாப்பம்" எண்டு கேட்டு வாங்கினவன், பிறகு தரவேயில்லை. தரச்சொல்லி மற்றவங்களும் கேக்கேல்லை. அதுதான் எனக்குச் சுட்டது!

நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவன், விரலை எடுக்காமல் அடிப்பன். குண்டு வானத்துக்குப் போகும். அவன் ஓடவேமாட்டான். மதிலோரம் குப்புறப் படுத்து, நாலு குண்டு அடிப்பான், நிப்பாட்டுவான். திரும்ப நாலு. எதிரி தலை தூக்கேலாது. அந்த இடைவெளிக்க எங்கட மற்றவன் சுத்திப் போய் முடிச்சிடுவான். நான் பத்துப் பேரை விழுத்தின நாளிலயும் நாங்கள் தோத்திருக்கிறம். அவன் ஒருத்தனையும் விழுத்தாமலே வெண்டு தந்தான்.

சனிக்கிழமை கீரி ஊர்ப் பெடியளோட போட்டி. துவக்கு அவனுக்கு எண்டு முடிவாச்சு. அப்பதான் என்ர வாய் சும்மா கிடக்கேல்லை.

"இவன் கேமில பழகினவன் இல்லையடா. அங்கால இயக்கத்திட்ட ரெயினிங் எடுத்திட்டு வந்திருக்கிறான்!"

சிரிப்பினம் எண்டு பாத்தன். ஒருத்தரும் சிரிக்கேல்லை. போட்டோக்கொப்பிக்கு நிண்ட ரெண்டு புது ஆக்கள் திரும்பி அவனைப் பாத்தினம். நானா எழும்பி மெயின் சுவிச்சை நிப்பாட்டினார்.

வெளியில சைக்கிளடிக்கு வந்து அவன் என்னைப் பிடிச்சான். அடிக்கப்போறான் எண்டுதான் நினைச்சன்.

"சின்னனில பங்கருக்க கிடந்து வெடிச்சத்தம் எண்ணினனான். நாலஞ்சு அடிச்சா நிக்கும். அந்த நேரந்தான் அம்மா வாளியோட கிணத்துக்கு ஓடுவா. நான் பிழையா எண்ணினா அம்மா இல்லை. அதுதான் என்ர ரெயினிங்." குரல் உயரவேயில்லை. "நீ வீட்ட போயிடுவாய். நான் இப்ப பாலம் தாண்டவேணும்."

பாலம் தாண்டிப் போனவன்தான். ரியூசனுக்கும் வரேல்லை. பயத்தில வீட்டை விட்டு வெளிக்கிடுறதில்லையாம் எண்டு பிறகு கேள்விப்பட்டன். போய்ப் பாக்க எனக்கு முகமில்லை.

சனிக்கிழமை துவக்கு என்ர கையில. அவன் படுக்கிற அதே மதிலோரம் படுத்தன். நாலு குண்டு அடிச்சன், நிப்பாட்டினன். திரும்ப அழுத்தவேணும். யாரோ வாளியோட ஓடிக்கொண்டிருக்கிற மாதிரிக் கிடந்தது, விரல் வரேல்லை.

"அடியடா!" எண்டு பக்கத்தில இருந்தவன் கத்தினான்.


அவ கிணத்தடிக்குப் போய்ச் சேரட்டும் எண்டு நான் எண்ணிக்கொண்டிருந்தன்.