கூடை சார் காத்திருந்த இடங்கள்

ஒரு பேராசிரியரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அவள் முதலில் செய்யும் காரியம், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து அமுக்கிக்கொள்வது. வலது கை முதலில் போகும், இடது கை பிறகு. குளிருக்காகச் செய்கிறாள் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வேதியியல்காரர் ஒருவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டே வந்தார். அப்படி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும்தான் வேலை. "மேல வலது ஓரத்துல மூணு புள்ளி இருக்குல்ல சார், அதத் தொடுங்க. அது இல்ல, பக்கத்துல." பக்கத்தில் இருப்பவரின் விரல் கண்ணாடித் திரையின்மேல் ஈயைப் போலச் சுற்றிச் சுற்றி வந்து தப்பான இடத்தில் உட்காரும். தொடைக்கடியில் அவளுடைய விரல்கள் துடிக்கும். ஆனால் வெளியே வராது.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய உத்தியோகம் அதுதான். வகுப்பறையில் நடத்தும் பாடத்தை மாணவர்களின் கைப்பேசிக்குக் கொண்டுபோக ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பாடத்தைப் பேசிப் பதிவுசெய்வது, சிறு துண்டுகளாக்குவது, செயலியில் ஏற்றுவது, மாணவர்கள் கேட்டார்களா என்று பார்ப்பது. அதற்கு முன்னால் பதினைந்து வருடம் தேர்வுப் பிரிவில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். புதிய மையம் திறந்தபோது, "ஒரே விஷயத்தப் பத்துத் தடவ கேட்டாலும் எரிஞ்சு விழாதவங்க யாரு?" என்று விசாரித்து அவளைப் பிடித்துப் போட்டார்கள். மூன்றாம் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில், இரண்டு நாற்காலியும் ஒரு கணினியும் கொள்ளும் அறை. ஆசிரியர்கள் அவளுக்கு வைத்த பெயர் செல் டாக்டர்.

முதல் வருடம் எல்லாவற்றையும் அவளே செய்து கொடுத்தாள். கைப்பேசியை வாங்குவாள், நாலு தட்டுத் தட்டுவாள், "முடிஞ்சுது சார்" என்று திருப்பிக் கொடுப்பாள். பிறகு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் நாற்பது ஆசிரியர்களின் பாடமும் அவள் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் தெரியலக்கா" என்று வீட்டில் சொல்லிப் புலம்பினாள்.

அக்கா தையல்காரி. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா சொன்னாள்: "எல்லாருக்கும் நீயே ஊட்டிவிட்டா அவங்களுக்குக் கை எப்படி வரும்? முதல்ல உன் கையக் கட்டிப் போடு."

அன்றிலிருந்து கட்டிப் போட்டதுதான்.

அவள் அறைக்கு வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டவர்களில் முதல் ஆள், புள்ளியியல் பேராசிரியர். அவருடைய வகுப்பு வாசலில் ஒரு பச்சை பிளாஸ்டிக் கூடை இருக்கும். உள்ளே நுழைகிறவர்கள் கைப்பேசியை அதில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதனால் கூடை சார். துறைத் தலைவர்கள் எல்லோரும் கூடிய ஒரு கூட்டத்தில் அவர் எழுந்து, "ஃபோன வச்சுப் பாடம் நடத்துறது, சீட்டுக்கட்ட வச்சுக் கணக்குச் சொல்லிக் குடுக்குற மாதிரி" என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் யோசிக்காமல், "நிகழ்தகவுக்கு நீங்க சீட்டுக்கட்டுதான சார் கொண்டு போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். கூடமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு ஏன் வாயில் வந்தது என்று அவள் ஒரு மாதம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்தக் கூடை சார் ஒரு நாள் காலையில் படியேறி வந்து அவள் அறை வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது. குரல், உப்புத்தாளை மரத்தில் தேய்ப்பதுபோல இருந்தது.

"என்னம்மா, சீட்டுக்கட்டுக்காரனுக்கு இடம் இருக்கா?"

"ஐயோ, உக்காருங்க சார். அன்னைக்கு நான் ஏதோ..."

"அத விடுங்க. நல்லாத்தான் கேட்டீங்க." உட்கார்ந்தார். "தொண்டையில ஒண்ணு வளந்திருக்காம். எடுக்கணுமாம். எடுத்தா குரலும் அதோட போயிடும்னு டாக்டர் சொல்றார். அதுக்கு மூணு நாள் முன்னாடியிருந்தே வாயத் திறக்கக் கூடாதாம். இன்னைக்கு எண்ணினா எனக்குப் பேச பதினெட்டு நாள் இருக்கு. பாடம் இருபத்திரண்டு."

"வகுப்பு தொடங்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கே சார்."

"அதனாலதான் வந்தேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கைகளைத் தொடைக்கடியில் கொடுத்துக்கொண்டாள்.

அவர் மாதிரி ஒரு மாணவர் அவளுக்குக் கிடைத்ததில்லை. ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். ஒன்பது படிகள் எழுதிய தாள் ஒன்றை அவள் எல்லோருக்கும் கொடுப்பாள். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாலாவது படி, 'இடைவெளி நீக்கு' என்ற பொத்தானை இயக்குவது. பேச்சின் நடுவே வரும் வெற்றிடங்களைச் செயலியே கத்தரித்து எறிந்துவிடும். இரண்டு மணி நேரம் பேருந்தில் நின்றுகொண்டே பாடம் கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய நேரம் மிச்சமாகட்டும் என்றுதான் அவள் அதைச் சேர்த்திருந்தாள். 'ஆ', 'ம்', தொண்டைக் கனைப்பு என்று பாதி நேரத்தை ஓட்டுகிற ஆசிரியர்களுக்கு அது வரப்பிரசாதம். எல்லோரும் புகழ்ந்த படி அது.

முதல் பாடத்தைப் பதிவுசெய்ததும் அவர் கொண்டுவந்து காட்டினார். அவள் முதல் இரண்டு நிமிடம் கேட்டாள். சுத்தமாக, தெளிவாக இருந்தது. "பிரமாதம் சார், இப்படியே போங்க" என்றாள். அவர் போனார். சொன்ன சொல் தவறாமல், பதினெட்டு நாளில் இருபத்திரண்டு பாடத்தையும் வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்தார். அவருடைய வகுப்பில் அவள் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

பேசக் கூடாத முதல் நாள் அவர் மறுபடி படியேறி வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

'நான் நிறுத்தின இடமெல்லாம் எங்கே?'

அவளுக்குப் புரியவில்லை. அவர் மூன்றாம் பாடத்தைத் திறந்து ஓட்டினார். அவருடைய கரகரத்த குரல் ஒரே மூச்சில் சொன்னது: "பையில மூணு சிவப்புப் பந்து, ஒரு வெள்ளைப் பந்து. கண்ண மூடிட்டு ஒண்ணு எடுக்கறேன். வெள்ளை வர வாய்ப்பு என்ன நாலுல ஒண்ணு." அவர் பதிவை நிறுத்தினார். 'என்ன' என்ற சொல்லுக்கும் 'நாலுல' என்ற சொல்லுக்கும் நடுவே இருக்கிற இடத்தைத் தொடுவதுபோலக் காற்றில் விரலை வைத்தார். பிறகு எழுதினார்: 'இங்கே இருபது விநாடி இருந்தது.'

அவர் இன்னொரு வரி எழுதினார்: 'நான் பாடம் நடத்துவதில்லை. கேட்டுவிட்டு நிற்கிறேன். முப்பது வருடமாக அதுதான் வேலை.'

அப்போதுதான், கையைக் கட்டிப் போட்ட ஏழு வருடத்தில் முதல்முறையாக, அவள் அடுத்தவர் கைப்பேசியைக் கையில் வாங்கினாள். வெட்டுவதற்கு முந்தைய பதிவு எங்காவது கிடக்கிறதா என்று உள்ளும் புறமும் துழாவினாள். குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தாள். செயலி, சேமிக்கும் முன்பே வெட்டியிருந்தது. வெட்டியது எங்கும் இல்லை.

"சார், மெதுவா, ஒரு நாளைக்கு ஒரு பாடம்..." என்று தொடங்கியவள், அவர் தொண்டையில் கை வைத்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மையத்தின் இயக்குநரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "ஒரு வார்த்தையாவது குறையுதா?" என்று அவர் கேட்டார். குறையவில்லை. "அப்புறம் என்ன? அப்படியே ஏத்துங்க. பசங்க எப்படியும் வேகத்தக் கூட்டி வச்சுத்தான் கேக்கப் போறாங்க." அதுவும் பொய்யில்லை. அப்படியே விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கூடை சாரால் வாய் திறந்து கேட்க முடியாது.

சாயங்காலம் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அக்கா மெஷினை நிறுத்தினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"தையலுக்குன்னு ஓரத்துல விட்ட துணிய, இது எதுக்குச் சும்மான்னு வெட்டிட்ட. அளவு சரியாத்தான் இருக்கும். தைக்க முடியாது" என்றாள். பிறகு, "திரும்ப வைக்க முடியாதா?"

"வைக்கலாம். ஆனா எங்க, எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவருக்குத்தான தெரியும்."

"அப்ப அவரக் கூப்பிடு. வாய்தான போகுது? ஆள் இருக்கார்ல?"

அக்காவின் பேச்சு எப்போதும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஆனால் அன்று அதில் ஆறுதல் இருந்தது.

அறுவை முடிந்து நாலாவது வாரம் அவர் வந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி. ஆள் பாதியாக இளைத்திருந்தார். வகுப்பு தொடங்கப் பதினொரு நாள் இருந்தது. அவள் கணினியில் பாடத்தை ஓட்டுவாள். அவர் கையைத் தூக்கினால் நிறுத்துவாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். அது காத்திருப்பின் தொடக்கம். அறை சத்தமில்லாமல் இருக்கும். மாடிப்படியில் யாரோ இறங்கும் செருப்புச் சத்தம் கேட்கும். மறுபடி ஒரு தட்டு, அது முடிவு. அந்த அளவுக்கு வெற்று விநாடிகளை அவள் அந்த இடத்தில் செருகுவாள். சில இடத்தில் எட்டு விநாடி, சில இடத்தில் நாற்பது.

"எந்தக் கணக்குல சார் இது?" என்று இரண்டாம் நாள் கேட்டாள்.

'கடைசி வரிசையில் ஒருத்தர் பேனாவை எடுக்கிற வரைக்கும்' என்று எழுதிக் காட்டினார்.

மூன்றாம் நாள், அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "சார், தப்பு என்னோடது. உங்க வகுப்ப ஒரு நாள் வந்து பாத்திருந்தா அந்தப் படிய உங்ககிட்ட சொல்லியிருக்கவே மாட்டேன்." அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். 'பேசி முடித்ததைக் கேட்டுப் பார்க்காமல் விட்டது நான். முழுவதையும் நீங்களே தூக்காதீர்கள்.' அந்தத் தாளை அவள் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தாள். அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

ஏழாம் பாடம். "ஒரு நாணயத்த நாலு தடவ சுண்டினேன். நாலு தடவயும் தலைதான் விழுந்துச்சு. அஞ்சாவது தடவ தலை விழ வாய்ப்பு என்ன?" அவர் கையைத் தூக்கினார். மேசையில் தட்டினார். அவள் திரையைப் பார்த்தாள். இருபது. நாற்பது. அறுபதும் தாண்டியது. இந்த முறை அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறந்துவிட்டார் என்று நினைத்து, "சார்?" என்றாள். பொறு என்று உள்ளங்கையைக் காட்டினார். தொண்ணூற்று நாலாவது விநாடியில் இரண்டாம் தட்டு விழுந்தது.

"இவ்வளவு வேணுமா சார்? சுலபமான கேள்விதான? பிள்ளைங்க, பாடம் அறுந்து போச்சுன்னு நினைச்சுடுவாங்க."

'குறைக்காதீர்கள்' என்று எழுதினார்.

ஒன்பது நாளில் நூற்று நாற்பத்தொரு இடங்கள். வகுப்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது பாடங்கள் ஏறின. அவள் சொன்னதுபோலவே முதல் வாரத்தில் புகார்கள் வந்து குவிந்தன. 'ஆடியோ நின்னு போகுது மேடம்.' 'மூணாவது பாடம் பாதியில கட் ஆகுது.' ஒவ்வொருவருக்கும் விளக்கம் எழுத உட்கார்ந்தாள். நாலாவது ஆளுக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே, முகம் தெரியாத ஒரு மாணவி எல்லோருக்கும் பொதுவாகப் பதில் போட்டிருந்தாள்: 'நிக்கல. சார் காத்துக்கிட்டு இருக்கார். நீங்க பதில் சொல்லுங்க.' அதற்குப் பிறகு புகார் வரவில்லை.

ஆனால் எல்லோரும் காத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மூன்றில் ஒரு பங்குப் பேர் அந்த இடங்களை விரலால் தள்ளிவிட்டுப் போனதைக் கணக்குக் காட்டியது. அதை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை, அவரிடம் சொன்னாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. 'வகுப்பிலும் அவ்வளவு பேர்தான்' என்று எழுதினார்.

ஒன்பது படித் தாள் இப்போது எட்டுப் படித் தாள். யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது கைப்பேசியை அல்ல. "உங்க வகுப்புல ஒரு நாள் பின்னாடி உக்காந்துக்கலாமா சார்?" என்று கேட்கிறாள். சிலர் வேவு பார்க்க வருகிறாள் என்று முகம் சுளிக்கிறார்கள். போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

அந்தப் பருவம் முடிந்து விடுமுறை விட்ட பிறகு, கூடை சாரின் மனைவி ஒரு நாள் அறைக்கு வந்தார். பதிவுக்காக மையத்திலிருந்து கொடுத்த சின்ன மைக் வீட்டிலேயே தங்கிவிட்டதாம். கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, பேச்சுவாக்கில் அவள் சொன்னாள்: "ஏழாவது பாடந்தாம்மா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்த ஒரு கேள்விக்கு அவ்வளவு நேரம் விட்டதால, ரொம்பக் கஷ்டமான கேள்வி போலன்னு பிள்ளைங்க மாஞ்சு மாஞ்சு யோசிச்சிருக்காங்க."

அந்த அம்மா தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தார்.

"அது கேள்விக்கு விட்ட நேரம் இல்லம்மா" என்றார். "அந்தப் பாடம் பேசின அன்னைக்குத்தான் முதல் தடவையா பேசிட்டிருக்கும்போதே குரல் போச்சு. வாயத் திறக்குறார், வரல. நான் தண்ணியோட வாசல்ல நிக்கிறேன். பதிவு ஓடுது, உள்ள வராதன்னு கையக் காட்டிட்டார். என்ன செய்யன்னு தெரியாம சுவத்துக் கடிகாரத்தையே பாத்துட்டு நின்னேன். ஒன்றரை நிமிஷத்துக்கு மேலயே ஆச்சு. அதுக்கப்புறம்தான் 'பாதிக்குப் பாதி'ன்னு குரல் வந்துச்சு."