ஹீற்றரில் காய்ந்த மோர்மிளகாய்

பிள்ளைகளே, அந்தக் குளிர்காலம் முழுவதும் அம்மா ஏன் ஊரிலேயே நின்றுவிட்டார் என்று நீங்கள் இருவரும் மாறி மாறிக் கேட்டீர்கள். பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, பார்க்க ஆளில்லை என்றுதான் சொன்னேன். அது உண்மை. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

இங்கே நகருக்கு வெளியே பொண்டியில் இருக்கும் அண்ணை, ஒவ்வோர் ஆண்டும் குளிர் இறங்க முன் தன் வீட்டுத் தோட்டத்து மிளகாயை எல்லாம் ஆய்ந்து எங்களுக்குக் கொண்டுவந்து தருவார் அல்லவா? அம்மா அதை மோர்மிளகாயாகப் போட்டு வைப்பார். எங்கள் லா சப்பல் வீட்டுக்குள் வெயில் வராது. கட்டடத்துக்குச் சூடு விடுகிற நாள் வரை காத்திருந்து, ஹீற்றர்களின் மேல் தட்டுகளைப் பரப்புவார். காய்ந்ததைப் போத்தலில் அடைத்து வைத்தால் பங்குனி வரை போகும்.

அந்த ஆண்டு அண்ணை வந்தபோது வீட்டில் நான் மட்டும்தான். நீங்களும் படிக்கப் போய்விட்டீர்கள்.

“மனிசி இல்லாமல் இதை என்ன செய்யப் போறாய் தம்பி? ஆருக்கும் குடுத்திடு,” என்றார்.

“நான் போடுவன் அண்ணை.”

“நீயோ? தேத்தண்ணிக்கே அவவைக் கூப்பிடுற ஆள்.”

அம்மா கார்த்திகைக் கடைசியில் வருவதாக டிக்கெட் போட்டிருந்தார். வந்து குசினி அலுமாரியைத் திறக்கும்போது போத்தல் நிறைந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மிளகாயைக் கீறி, உப்புக் கலந்த தயிரில் ஊறவைத்தேன். பகலில் ஹீற்றரில் காயவிட்டு, பின்னேரம் திரும்பவும் அதே தயிருக்குள் போட வேண்டும். தயிர் வற்றும்வரை இதுதான் வேலை. இத்தனை வருடம் அம்மா செய்வதைப் பார்த்தவன்தான். ஆனால் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அரைக்கண்ணால் பார்த்தது. தயிருக்குள் போடும் ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டேன்.

காய்கிற மிளகாயின் புளித்த வாசம் வீடு முழுக்க நின்றது. அம்மா எங்கேயோ பக்கத்து அறையில் நிற்கிற மாதிரி இருந்தது. ஆறு நாளும் நான் ஜன்னலைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மாவுக்குத் தட்டைக் காட்டினேன்.

“இஞ்சேருங்கோ, உதென்ன வெள்ளையாக் கிடக்கு? ஸ்னோ கொட்டினதோ?”

“உப்பு.”

“எத்தினை தரம் போட்டனியள்?”

“ஒவ்வொரு நாளும்.”

“முதல் நாள் மட்டுந்தானப்பா போடுறது. நீங்கள் கடல் தண்ணியையெல்லோ காயவைச்சிருக்கிறியள்.”

பின்னால் படுக்கையில் கிடந்த பெரியம்மாவும் சிரித்தது கேட்டது. விழுந்த பிறகு அக்கா இன்றைக்குத்தான் சிரிக்கிறா என்று அம்மா சொன்னார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, குரலைக் குறைத்தார்.

“அக்காவுக்கு இன்னும் எழும்பி நிக்க ஏலாமல் கிடக்கு. நான் வெளிக்கிட்டால் ஆர் பாக்கிறது? நீங்கள் வரச்சொன்னால் வாறன். உங்களாலை தனிய ஏலுமோ?”

வாரும் என்ற சொல் வாய்வரை வந்தது. இரண்டு மாதமாக அந்தச் சொல்லோடுதான் திரிந்தேன். ஆனால் கேட்கிறபோது அம்மாவின் முகம் என்னைப் பார்க்கவில்லை. அறைக்குள் யாரும் கூப்பிடுகிறார்களா என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஓம், ஏலும். மிளகாயைக் கழுவித் திருப்பிக் காயவிடுறன். நீர் பங்குனியிலை வாரும்.”

“உண்மையாத்தான் சொல்லுறியளோ?”

“ஓம் எண்டுறன்.”

“வடிவாச் சாப்பிடுங்கோ,” என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தார்.

நான் குசினிக்குப் போய் அரைச் சுண்டு அளவு பருப்பை உப்புப் போடாமல் அவித்தேன். இரண்டு மிளகாயைக் கழுவாமலே பொரித்து, நொறுக்கி, அதோடு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.