மிளகளவு வெளிச்சம்: பாடு காவலுக்கு பைனாகுலர் வாங்கிய கதை

1. முப்பதுக்கு அறுபது

"இன்னாபா கோதண்டம், காவலுக்குன்னு உன்ன வெச்சிருக்கோம். வலை போட்டவன் யாருன்னு சொல்லத் தெரியலயா?"

ஊர்க் கூட்டத்தில் தலைவர் ஏகாம்பரம் இப்படிக் கேட்டபோது என் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கிக்கொண்டிருந்தது. இதைவிட மானக்கேடு வேறு வேண்டுமா?

பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பிரித்துக்கொள்வது எங்கள் வழக்கம். அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டில் வலை போடுவது அவன் சோற்றுச் சட்டியில் கை வைப்பதற்குச் சமம். தோள்பட்டை போய் நான் படகு ஏறுவதை நிறுத்தியதும் ஊர் என்னைப் பாடு காவலில் போட்டது. கரையில் மூங்கில் பரண் மேல் நின்று பார்க்கும் வேலை. படகில் போய்ப் பிடிக்கலாமே என்பீர்கள். இன்ஜின் சத்தம் கேட்டாலே திருடன் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான்.

அந்த ஐப்பசியில் பொழுது சாயும் நேரம் பார்த்து யாரோ அடுத்தவர் பாட்டில் வலை விட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடம் இருந்தது பிளாட்பாரத்தில் வாங்கிய பைனாகுலர். மேலே 30x60 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பகலில் கொக்கு தெரியும். வெளிச்சம் இறங்கினால் படகு ஒரு கறுப்புக் கோடு, அதுவும் ஆடும்.

ஊர் மொத்தமும் தேசப்பனைக் கை காட்டியது. அவனுக்கு வாய் நீளம், அதனால் வேண்டாதவர்கள் அதிகம். அவன் எழுந்து என்னைக் கேட்டான்.

"அண்ணா, உன் கண்ணால என்னப் பாத்தியா? பாத்தேன்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

"பாக்கல தேசப்பா."

"அப்ப நான் இல்லன்னாவது சொல்லு."

அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த சீட்டுக்குள் ஆள் தெரியாவிட்டால் இறால் பருவத்துக்குத் தேசப்பனுக்குப் பாடு கிடையாது என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இறால் பருவம் போனால் எங்களுக்கு அந்த வருஷமே போனது மாதிரி. அவன் பெண்டாட்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நல்ல பைனாகுலர் ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஆள நான் சொல்றேன்."

"யாரா இருந்தாலும் சொல்லுவியா?" என்றார் தலைவர்.

"யாரா இருந்தாலும்."

என் தம்பி பலராமன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "எதுக்குண்ணா வீண் செலவு? அவன்தான்னு ஊருக்கே தெரியுமே" என்றான். ஊருக்குத் தெரிந்தால் போதாது, காவலுக்குத் தெரிய வேண்டும் என்றேன்.

2. கடைக்காரரும் என் மூன்று விரலும்

ஊர் கொடுத்த பணத்தோடு மீஞ்சூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் ஜூம் வைத்த ஒன்றை நீட்டினார்.

"முப்பது மடங்கு வரைக்கும் இழுக்கும் பெரியவரே. நிலாவே பக்கத்துல வரும்."

"எனக்கு நிலா வேணாம் சார். பொழுது போனப்புறம் படகு தெரியணும்."

அவர் நல்ல மனுஷர். எண்களின் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்ச வட்டத்தின் அளவு கிடைக்கும். என் பழையதை எடுத்துக் கை நீளத்தில் பிடித்துக் கண் வைக்கும் பக்கத்தைப் பார்த்தேன். கடுகளவு வெளிச்சம். அவர் கொடுத்த 10x50-ஐப் பிடித்துப் பார்த்தேன். மிளகளவு. விஷயம் அவ்வளவுதான்.

வலைக் கண்ணை விரல் வைத்து அளக்கிறவன் நான். 10x50-இன் முன்கண்ணாடியில் மூன்று விரலை வைத்தேன், சரியாக இருந்தது. அறுபது என்று பீற்றிக்கொண்ட என் பழையதில் இரண்டு விரலுக்கே இடமில்லை. எழுதியிருப்பதை நம்பாதே, விரலை நம்பு என்று அன்றைக்குப் புரிந்தது.

கண்ணாடி செக்கச்செவேலென்று மின்னும் ரகத்தை அவரே தள்ளி வைத்தார். வெளிச்சத்தைத் தின்றுவிடுமாம். நேர்க்குழாய் ரகம் அழகு, ஆனால் விலை கைக்கு அடங்கவில்லை. பழைய மாதிரி இடுப்பு வளைந்த ரகம் மலிவு. காட்டுவதில் குறைவில்லை. 12x50-உம் பார்த்தேன். இன்னும் பெரிதாகத்தான் காட்டியது, ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கியது.

வாசல் வெயிலில் பார்க்கச் சொன்னார். முடியாது என்றேன். வெயிலில் எல்லாப் பைனாகுலரும் உத்தமன்தான். விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்து, எதிர்ச் சந்தின் கோடியில் இருந்த பலகையை 10x50-இல் எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே பணத்தை எடுத்தேன்.

"இன்னா மனுஷன்யா நீ" என்று சிரித்தபடி பில் போட்டார்.

3. ஒட்டு

பரண் கம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன் மேல் பைனாகுலரை வைத்தேன். ஆட்டம் நின்றது. நாலாம் நாள் சூரியன் இறங்கி, தண்ணீர் ஈய நிறத்துக்கு வந்த நேரம், அடுத்தவர் பாட்டில் ஒரு படகு நின்றது. இந்த முறை அது கறுப்புக் கோடு இல்லை. ஆள் குனிந்து வலை விடுவது தெரிந்தது. படகின் விலாவில் வெள்ளையாக ஒரு ஃபைபர் ஒட்டு, ஒரு முனை கோணலாக.

அந்த ஒட்டைப் போட்டது நான். கல்லில் மோதிக் கிழிந்தபோது, தோள் வலியோடு நானே பிசின் தடவி ஒட்டியது. படகு பலராமனுடையது.

பைனாகுலரிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நல்ல பைனாகுலர், அதுதான் வினை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றும் தோன்றியது. அப்போது தேசப்பன் பெண்டாட்டி நின்ற நிலை ஞாபகம் வந்தது. பரணிலிருந்து இறங்கி நேரே தலைவர் வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் பலராமன் மறுக்கவில்லை. தேசப்பனுக்குப் பாடு நிலைத்தது, தம்பிக்குப் பாடு இல்லாமல் போனது.

பைனாகுலர் வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு என் அனுபவம் இதுதான். பெரிய எண்ணுக்கு மயங்காதீர்கள். மிளகளவு வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பொழுது சாயும்வரை கடையை விட்டு வராதீர்கள். காவலுக்கு வாங்குகிறவர்கள், தெரிவதைச் சொல்லும் தெம்பு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கூட்டம் கலைந்தபோது பலராமன் என் எதிரில் வந்து நின்றான்.

"கூடப் பொறந்தவன்னு ஒரு நிமிஷம் யோசிக்கலயாண்ணா?"

"யோசிச்சேன்டா. அதான் ரெண்டு தடவ பாத்தேன்."