வாட்ச் கட்டிய கை

இது நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அந்த மூன்று மெசேஜும் இன்னும் என் போனில் இருக்கின்றன. அழிக்க மனசு வரவில்லை.

என் பெயர் புவனேஸ்வரி. ஏம்பலத்தில் வீடு. என் வீட்டுக்காரர் அரிகரனுக்கு வில்லியனூரில் ஒரு கம்பெனியில் வேலை. போன வருஷம் தீபாவளி போனஸில் ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கினார். கடை மிஷின்மேல் கையைக் காட்டினால் போதும், பணம் போய்விடும். அதற்கப்புறம் பர்ஸையே தொடவில்லை. பால் பாக்கெட்டுக்குக்கூடக் கையை நீட்டிப் பெருமை அடித்துக்கொள்வார். மனுஷனுக்கு ஓட்டைக் கை. அதனால் பேங்க் மெசேஜ் என் போனுக்கு வரும்படி வைத்திருந்தேன். வாட்சைக் கழற்றினால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். அவர் கட்டிக்கொண்டு ரகசிய எண் போட்டால்தான் திறக்கும். திருடு போனாலும் கவலை இல்லை என்பார்.

அந்தக் கார்த்திகையில் விடாத மழை. ஆறு மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். 6.40-க்கு மெசேஜ் வந்தது. வில்லியனூர் ரோட்டில் ஒரு பேக்கரி, இருபது ரூபாய். நான் இங்கே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் அங்கே ஆற அமர டீ குடிக்கிறாரா? கோபத்தோடு ஸ்கூட்டியை எடுத்தேன்.

பேக்கரியில் அவர் இல்லை. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

“வாங்குனவரு இத வச்சுட்டுப் போய்ட்டாரும்மா. வூட்டுக்காரி வருவா, குடுத்துடுங்கன்னாரு.”

நான் வருவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? யோசித்து முடிப்பதற்குள் அடுத்த மெசேஜ். 6.58. வில்லியனூரில் ரஷீத் பாயின் எலெக்ட்ரிக்கல் கடை.

ரஷீத் பாய் எங்களுக்குப் பழக்கமானவர். ஒரு டார்ச் லைட்டைப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அதையும் வாங்கியவர் என்னிடம்தான் கொடுக்கச் சொன்னாராம். கூட்டத்தில் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றார்.

“கையத்தாம்மா பாத்தேன். முழங்கை வரைக்கும் சேறு. வண்டி கிண்டி சாஞ்சிடுச்சான்னு கேட்டேன், அதுக்குள்ள போய்ட்டாரு.”

அப்போதுதான் எங்கேயாவது விழுந்துவிட்டாரோ என்று பட்டது. ஆனால் வாட்ச் வேலை செய்கிறதே. அப்படியென்றால் அவர் கையில்தான் இருக்கிறது. அப்படியென்றால் உயிரோடு இருக்கிறார்... இதையே முணுமுணுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். இரண்டு பக்கமும் கரும்பு. எதிரே வந்த ஒவ்வொரு ஹெல்மெட்டுக்குள்ளும் அவரைத் தேடினேன்.

அடிபட்டிருந்தால் மருந்துக்கு வந்திருப்பார் என்று ஏம்பலத்தில் மெடிக்கல் ஷாப் வாசலில் நிறுத்தினேன். கடையில் வேலை செய்யும் ஃபைஜா, கார்டு மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி நின்றாள்.

“இப்பதாங்க்கா அண்ணன் நின்னாரு. காயத்துக்குக் கட்டுத்துணி கேட்டாரு. ரேட்டு போட்டுட்டு, எடுக்கத் திரும்புனேன்... ஆளக் காணோம்.”

சுற்றிலும் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேர்தான்.

பீப்.

அவள் கையிலிருந்த மிஷின்.

என் போன் அதிர்ந்தது. 7.36.

கண்ணாடி மேஜைமேல் ஒரு கை பதிந்திருந்தது... ஐந்து விரலும்... சேறாக.

பக்கத்தில் தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... மேலே ஒன்றும் இல்லை. சொட்டு மட்டும் விழுந்தது.

“இன்னாங்க... எங்க இருக்கீங்க?”

சொட்டு நின்றது.

கட்டுத்துணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மறுபடி வில்லியனூர் ரோட்டில் ஸ்கூட்டியை விட்டு, அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன். டார்ச்சைக் கரும்புக்குள் அடித்துப் பார்த்தேன். பிறகு என் தம்பி புகழ்வேந்தன் ஆட்களோடு வந்து தேடினான். மழை வலுத்துவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

விடிந்ததும் கரும்பு வெட்டப் போனவர்கள் பார்த்தார்கள். எங்கள் ஊரைத் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால், அதன்மேல் மதகு. மதகுக்குக் கீழே அவர் கிடந்தார், அவர்மேல் அவருடைய பைக். போன் நசுங்கிக் கிடந்தது. வாட்ச் கையிலேயே இருந்தது, இரண்டாக உடைந்து. ரஷீத் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விழுந்தபோதே உடைந்திருக்கும், இதை வைத்துப் பத்துப் பைசா கட்ட முடியாது என்றார்.

ஆறு மணிக்கு முன்பே விழுந்திருக்கிறார் என்று போலீஸ் சொன்னது. கால் முறிந்து, ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. எட்டரை வரைக்கும் உயிர் இருந்திருக்கும், ஒரு கட்டுப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

எட்டரைக்குள் அந்த மதகை நான் மூன்று தடவை தாண்டினேன். இரண்டாவது தடவை தண்ணீரும் டார்ச்சும் என் வண்டியில் இருந்தன. மூன்றாவது தடவை கட்டுத்துணியும் இருந்தது.