எஸ்தர் அக்கா புதியதற்கு அஞ்சியவரா?

செய்தியை அவருடைய தம்பி பாறசாலையிலிருந்து தொலைபேசியில் சொன்னார். "அக்கா போயிட்டா. நாளைக்கு உச்சைக்கு, பன்னிரண்டு மணிக்கு அடக்கம். வந்துரணும்." போனேன். ஆலயத்தில் எங்கள் பழைய நிறுவனத்தின் முதலாளி எழுந்து பேசினார். "எஸ்தர் நல்ல உழைப்பாளி. புதியது என்றால் மட்டும் கொஞ்சம் பயம்." அங்கே யாரும் மறுக்கவில்லை. நெய்யாற்றின்கரை அலுவலகத்தில் அக்காவோடு வேலை பார்த்த நீங்களும்தான் இருந்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவமனைகளுக்கான தரவுத்தள மென்பொருள் எங்களுடையது. கணினிக்குப் புதிய இயங்குதளம் வந்தபோது அலுவலகத்தில் முதலில் மகிழ்ந்தவர் எஸ்தர் அக்காதான். ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் வசதியை ஆசையாகக் கற்றுக்கொண்டு எங்களுக்கும் காட்டினார். ஒரே ஒரு வசதியில்தான் தயங்கி நின்றார். எழுதச் சொன்னதை அந்த இயங்குதளம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று உடனே பதில் சொல்லும். ஹார்ட் டிஸ்கில் பிறகுதான் எழுதும். எங்கள் மென்பொருள் அதனால் பறந்தது. அக்கா, சோதித்துப் பார்க்க, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியின் பிளக்கை உருவினார். திரும்பப் போட்டால் கடைசிப் பதிவுகள் இல்லை.

"எழுதியாச்சுன்னு சொல்லுது. எழுதினத ஆரு பாத்தா?" என்று முதலாளியிடம் கேட்டார். அறிக்கைகளுக்கு அந்த வசதி இருக்கட்டும், ரத்த வங்கிப் பதிவுகள் மட்டும் நேராக டிஸ்குக்குப் போகட்டும் என்றார்.

"எல்லாவனும் வேகம் கேக்கான், எஸ்தர். ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் உண்டு."

"ஜெனரேட்டர் முழிச்சு வாறதுக்குள்ள கணினி செத்துரும் சார்."

அவர் கேட்கவில்லை. முழுவதற்கும் அந்த வசதியை இயக்கியே ஒரு மருத்துவமனைக்குக் கொடுத்தார்.

ஐப்பசியில், துலாமழைக் காலத்தில் ஒரு பிற்பகல், அதியன்னூர்ப் பக்கம் இடி விழுந்து எங்களுக்கும் அந்த மருத்துவமனைக்கும் மின்சாரம் போனது. அக்கா முதலில் செய்தது அந்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசியதுதான். "கணினி சொல்லுத நம்பி ஒரு பை ரத்தமும் குடுக்காதீங்க. எல்லாத்தையும் திரும்பச் சோதியுங்க." பிரசவத்தில் ரத்தம் இழந்த ஒரு பெண்ணுக்காக அப்போது ஒரு பையைக் கையில் எடுத்திருந்தார்களாம். நோய்க்கிருமி இருப்பதாக, மின்சாரம் போவதற்குச் சற்று முன்புதான் ஒதுக்கப்பட்ட பை அது. அந்தப் பதிவு டிஸ்குக்குப் போகவே இல்லை. ஜெனரேட்டரில் திரும்ப ஓடிய கணினியில் அது நல்ல பையாகவே இருந்தது. மறுசோதனையில் உண்மை தெரிந்தது. வேறு பையிலிருந்து ரத்தம் ஏற்றினார்கள். சில நாட்களில் தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள்.

மறுநாள் மருத்துவமனைக்காரர்களும் அந்தப் பெண்ணின் உறவினர்களும் வந்தபோது முதலாளி என்ன சொன்னார் என்று உங்களுக்கும் தெரியும். "எஸ்தர் எழுதின பகுதியில பிழை." அக்கா என் பக்கத்தில் நின்றார். முகம் சிவந்தது, வாய் திறக்கவில்லை. அன்றே அவரை ரத்த வங்கி வேலையிலிருந்து விலக்கினார்கள்.

அப்புறமும் அவர் அதை விடவில்லை. தன் மற்ற வேலைகளுக்கிடையே, முக்கியமான பதிவு டிஸ்கில் இறங்கிய பிறகே மென்பொருள் பதில் சொல்லும்படி செய்தார். அதையும் பிளக்கை உருவி உருவிச் சோதித்து, பதிவுகள் தப்புவதைக் கண்ட பிறகே கொடுத்தார். அடுத்த பதிப்பு பத்திரமாகவும் வேகமாகவும் ஓடியது அதனால்தான். புதுமையைத் துணிந்து ஏற்றவர் என்று பாராட்டி மேடையில் பொன்னாடை போர்த்தப்பட்டது முதலாளிக்கு. அவருக்குப் பயம் இல்லை என்றா? எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குக்கூட அவர் அந்த மென்பொருளைப் பார்த்ததில்லை.

புற்றுநோய் முற்றிப் படுத்திருந்த அக்காவைக் கடைசியாகப் பார்த்தபோது கேட்டேன், "அன்னைக்கு நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா, அங்க உள்ள ஒரு பதிவையும் நம்ப முடியாதுன்னு ஆகி, அந்தப் பொம்பளைக்க ஆளுகளுக்கு ஆஸ்பத்திரி மேலயே நம்பிக்க போயிருக்கும், மக்கா. அப்பம் அவளுக்கு அங்க சிகிச்ச நடந்துட்டு இருந்து."

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"உண்டு. நல்லா உண்டு. எனக்கு இனி அதுக்கு நேரம் இல்ல, கேட்டியா. நீ வச்சுக்க."

வைத்திருக்கிறேன், அக்கா.