வளைகாப்பில் யாரும் பார்க்காத உள்ளங்கை

போன மாதம் புந்தோங்கில் என் தம்பி மனைவி கவிதாவுக்கு வளைகாப்பு. ஒன்பதாவது மாதம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

வந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் கண் அவள் முகத்தின் மேல்தான். இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்திருந்தது.

"முகம் கறுத்திருக்கு... பையன்தான்" என்றார் ஒருவர்.

"இல்லலா, என் மருமகளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பொண்ணுதான் பொறந்துச்சு" என்றார் இன்னொருவர்.

பின்னால் நின்ற ஓர் அக்கா, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீமுக்குச் சிபாரிசு செய்தார். ஒரே வாரத்தில் மங்கு போய்விடுமாம்!

சும்மா இருப்பேனா நான்? பத்திரிகையில் உடல்நலப் பத்தி எழுதுகிறவள் ஆயிற்றே. அந்த மாதிரி கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்றேன். மங்கு ஹார்மோன் செய்கிற வேலை. வெயிலில் போனால் சன்ஸ்கிரீனும் தொப்பியும் போதும், பிரசவத்துக்குப் பிறகு மெல்ல மங்கும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் முறை வந்தது. சந்தனம் பூச அவள் கையைப் பிடித்தேன்.

"நல்லா நெறையப் பூசுங்கக்கா... குளுகுளுன்னு இருக்கு" என்றாள்.

உள்ளங்கை முழுக்க நகக் கீறல்.

"இன்னுமா அரிக்குது?" என்றேன். கேட்டுவிட்டு எனக்கே உறுத்தியது. இரண்டு வாரத்துக்கு முன் போன் செய்து, அரிப்பு தாங்கவில்லை என்றாள். "வயிறு விரியுதுலா, எல்லாருக்கும் அப்படித்தான். தேங்கா எண்ணெ தேய்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவள் நான். எங்கே அரிக்கிறது என்று கேட்டேனா? இல்லை.

எனக்கு அடுத்து வளையலோடு நின்றிருந்தவர் பக்கத்து வீட்டுச் சாந்தி. கிளினிக்கில் மிஸியாக, அதாவது நர்ஸாக, வேலை செய்கிறவர். அந்தக் கையைப் பார்த்தார். வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டு, உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

"உள்ளங்காலும் அரிக்குதா?"

"ஆமாக்கா."

"தடிப்பு, கொப்புளம் ஏதாச்சும்?"

"ஒன்னும் இல்ல. சும்மாவே அரிக்குது. படுத்தா இன்னும் கூடுது."

சாந்தி என் பக்கம் திரும்பினார். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்குன்னு வேணாம்."

கவிதாவின் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "ஆரத்தி எடுக்காம எப்படிம்மா வாசப்படி தாண்டுறது?"

"எடுங்கம்மா. அதுக்குள்ள தம்பி காரை எடுக்கட்டும்" என்றார் சாந்தி.

பட்டுப் புடவை, கன்னத்தில் சந்தனம், கை நிறையக் கண்ணாடி வளையல்... இந்தக் கோலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வளையலை மணிக்கட்டுப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ரத்தம் எடுத்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும்வரை எனக்கு உயிரே இல்லை.

டாக்டர் விளக்கினார். கர்ப்பத்தில் சிலருக்குக் கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாது. ரத்தத்தில் தங்கிவிடும். அதனால்தான் அரிப்பு. தாய்க்கு அரிப்போடு போய்விடலாம். ஆனால் அளவு மிகவும் கூடினால் வயிற்றிலேயே குழந்தையின் உயிருக்கு ஆபத்து வரலாம். கவிதாவுக்குக் கூடித்தான் இருந்தது.

எப்படித் தெரிந்துகொள்வது? வயிற்றிலும் தொடையிலும் வரி விழும்போது அரிக்கும். அதற்கு வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவலாம். அரிப்பு அடங்கும், ஆனால் வரி விழுவதைத் தடுக்காது. வயிற்றின் நடுவே ஓடும் கறுப்புக் கோட்டுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், தானாக மங்கும். ஆனால் தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால்? சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனால், கண் மஞ்சளானால்? எண்ணெய்ப் பாட்டிலைத் தேடாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரை கொடுத்தார்கள். அடிக்கடி ரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்புப் பரிசோதனை. முப்பத்தேழாவது வாரத்திலேயே வலி வரவைத்துக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. வீறிட்டு அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நானும் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து வார்டில் கவிதாவிடம் கேட்டேன். "எனக்குப் போன் பண்ணதுக்கு அப்புறம், வளைகாப்புக்கு முன்னாடி ஒரு வாட்டி கிளினிக் செக்கப் போனியே... அங்க ஏன் சொல்லல?"

குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"உங்ககிட்ட சொல்லிட்டேனேக்கா... நீங்க ஒன்னும் இல்லன்னு சொன்னீங்க. அதான் வேற யாருகிட்டயும் சொல்லல."