பார்க்கிங் என்று வரைந்த கல்யாண ஹால்

1. ரோட்டை நல்லா அளந்துட்டு வா

இருபத்தேழு வருஷம் பிளான் வரைந்து பிழைத்தவன் நான். பெங்களூரில் ஒரு கட்டடம் எழுப்ப வேண்டுமென்றால் மாநகராட்சியில் பிளான் சாங்ஷன், அதாவது அனுமதி, வாங்க வேண்டும். அதற்கான வரைபடத்தை வரைவது என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் ரூல் புத்தகத்தைப் பயபக்தியோடு படிப்பதைப் பார்க்கிறேன். பாவம். இந்த ஊரில் அந்தப் புத்தகத்தை வரிவரியாகக் கரைத்துக் குடித்தவர்கள், அதை மீறக் கிளம்பியவர்கள்தான்.

அப்படிப்பட்டவர் தனசேகர். டைல்ஸ் வியாபாரி. அப்போது நான் பிரேசர் டவுனில் ஆல்பர்ட் சார் ஆபீசில் சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். அடுகோடியில் ஒரு சந்துக்குள் பெரிய சைட் வாங்கியிருக்கிறேன், அதில் கல்யாண ஹால் கட்ட வேண்டும் என்று வந்து உட்கார்ந்தார்.

மாஸ்டர் பிளான் மேப்பை விரித்துப் பார்த்தேன். அந்தச் சந்து முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் குடியிருப்புப் பகுதி. சின்னக் கடை, கிளினிக் என்று சிலது வரலாம். கல்யாண ஹால் என்றால் அகலமான ரோடு வேண்டும். எத்தனை மாடி எழுப்பலாம் என்பதையும் ரோட்டின் அகலத்தை வைத்துத்தான் சொல்வார்கள். ஒரு ரோடு தாங்குகிற ஜனத்தைத்தான் அதில் கொண்டுவந்து இறக்கலாம், அவ்வளவுதான் விஷயம்.

"அதெல்லாம் புக்குல இருக்கட்டும் சார்," என்றார் தனசேகர். "மேல மூணு மாடி வீடுன்னு போடுங்க. கீழ ஸ்டில்ட் பார்க்கிங்னு போடுங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

ஆல்பர்ட் சார் என் பக்கம் திரும்பினார். "குமரேசா, நாளைக்குப் போய் ரோட்டை அளந்துட்டு வா. நல்லா அளந்துட்டு வா."

மறுநாள் டேப்போடு போனேன். சைட்டுக்கு எதிர்வீட்டிலிருந்து ஒரு அம்மா வெளியே வந்தார். ரிட்டயரான ஸ்கூல் டீச்சர், பெயர் லில்லி. அவர் கணவர் ஜோசப் சார் கேட்டுக்குள் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முந்தைய வருஷம்தான் ஹார்ட் அட்டாக் வந்து பிழைத்தவர்.

"என்ன தம்பி, ரோடு போடப் போறாங்களா?"

"இல்லைங்க டீச்சர். எதிர்ல வீடு வருது."

"குடும்பங்க வந்தா நல்லதுதான். இந்த முனையை நான் பிடிக்கட்டுமா?"

டேப்பின் நுனியைத் தன் காம்பவுண்டு சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு தம்பி வருது?" என்று கேட்டார். "பதினெட்டு அடி," என்று நானும் உரக்கச் சொல்லி நோட்டில் எழுதினேன். பிறகு அவர் உள்ளே போனதும் சந்தின் முக்குக்குப் போனேன். மெயின் ரோட்டோடு சேரும் இடத்தில் சந்து வாயைப் பிளந்திருந்தது. அங்கே முப்பது.

"அப்ப முப்பதுன்னு போடு," என்றார் ஆல்பர்ட் சார். "ரெண்டும் ஒரே ரோடுதானப்பா?"

போட்டேன். முதலாளி சொன்னார், அதனால் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. எனக்கு அதில் கூச்சமே இல்லை. லைன் சுத்தமாக வந்திருக்கிறதா என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

2. பதினான்கு கார்

கம்ப்யூட்டரில் கார் படம் ரெடியாக இருக்கும். ஒன்றை எடுத்துக் காப்பி அடித்தால் போதும். தூண்கள் மட்டும் நிற்கிற ஸ்டில்ட் தளத்தில் பதினான்கு கார் நிறுத்தினேன். மூன்று வீட்டுக்குப் பதினான்கு கார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் அதைக் கேட்கவில்லை. "பார்க்கிங்குக்கு எதுக்கு இவ்வளவு உயரம்?" என்று மட்டும் கேட்டார்.

"காத்தோட்டம் சார்," என்றார் தனசேகர். வந்தவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். கார்களுக்கு மூச்சு முட்டக் கூடாது என்பதில் எல்லோருக்குமே அக்கறை.

ஒன்றரை வருஷம் கழித்து எங்கள் ஆபீசுக்குப் பத்திரிகை வந்தது. தனசேகர் தங்கை மகன் கல்யாணம், புது ஹாலில். ஆல்பர்ட் சார் வெளியூரில் இருந்ததால் நான் போனேன். தூண்களுக்குத் தங்கக் கலர் அடித்திருந்தார்கள். மணமேடை நான் வரைந்த ஒன்பது, பத்து, பதினோராம் நம்பர் கார்கள் மேல் இருந்தது. பக்கத்துச் சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவில் காலியாக விட வேண்டிய இடத்தில் அடுப்பு மூட்டிப் பூரி பொரித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான கார்கள் மட்டும் வெளியே சந்தில் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. வெட்கமில்லாமல் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தேன்.

பாயசம் வந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. முக்கிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. மைக்கில் ஒருவர் கார் நம்பர்களைப் படித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. "யாருக்கோ உடம்பு சரியில்லையாம், சாப்பிட்டுட்டு எடுப்பாங்க," என்று பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கினார்.

எழுந்து வெளியே போனேன். லில்லி டீச்சர் வீட்டு வாசல் திறந்திருந்தது. ஜோசப் சார் நெஞ்சைப் பிடித்தபடி தரையில் சரிந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை. ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. கடைசியில் அந்தப் பேப்பர் படிக்கிற நாற்காலியில் அவரை உட்காரவைத்து, நானும் ஆம்புலன்ஸ்காரரும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கார் பானெட்டுகளை உரசியபடி போய்ச் சேர்ந்தோம். டீச்சர் பின்னால் செருப்பில்லாமல் வந்தார். வண்டியில் ஏறும்போது என்னை ஒருமுறை பார்த்தார்.

ஜோசப் சார் பிழைத்தார். ஆனால் இருதயம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார்களாம். அதற்குப் பிறகு வீட்டுப் படி இறங்கவே அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது.

3. லில்லி டீச்சர் ஆபீசுக்கு வந்தார்

நாலு மாதம் கழித்து டீச்சர் எங்கள் ஆபீஸ் படி ஏறி வந்தார். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு பிளான் காப்பி வாங்கியிருந்தார். மேஜையில் விரித்து, மூலையில் வரைந்தவர் கட்டத்தில் இருந்த என் பெயரில் விரலை வைத்தார்.

"நீங்கதானே தம்பி?"

"ஆமாங்க டீச்சர்."

"அன்னிக்கு டேப்போட அந்த முனையைப் பிடிச்சது நான். பதினெட்டுன்னு சொன்னீங்க. இதுல முப்பதுன்னு இருக்கு."

ஆல்பர்ட் சார் சிரித்துக்கொண்டே எழுந்தார். "மேடம், இதெல்லாம் டெக்னிகல் விஷயம். உங்களுக்குப் புரியாது."

"பதினெட்டு டெக்னிகலா சார்? நான் முப்பது வருஷம் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு எண்ணத்தான் சொல்லிக் கொடுத்தேன்."

எனக்குக் காது சுட்டது. அலமாரியைத் திறந்து பழைய அளவு நோட்டை எடுத்தேன். பதினெட்டு என்று என் கையெழுத்தில் இருந்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தேன். சைட்டுக்கு எதிரில் ரோடு பதினெட்டு அடிதான், முப்பது என்று தெரிந்தே வரைந்தேன் என்று ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டு டீச்சரிடம் கொடுத்தேன்.

அவர் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"பெரிய அரிச்சந்திரன்," என்றார் ஆல்பர்ட் சார். "நாளையிலருந்து வராதே."

டீச்சர் அதை வைத்துப் புகார் கொடுத்ததும் மாநகராட்சிக்காரர்கள் திரும்ப வந்து அளந்தார்கள். ஹாலைப் பூட்டி சீல் வைத்தார்கள். மேல்மாடியை இடிக்க ஆர்டர் வந்தது. தனசேகர் கோர்ட்டுக்குப் போனார். இன்று வரை மாடியும் இருக்கிறது, கேஸும் இருக்கிறது. ஆல்பர்ட் சாருக்கு நோட்டீஸ் போனபோது, அளவில் தவறு செய்தது முன்னாள் ஊழியர் ஒருவர் என்று பதில் எழுதினார். அது பொய்யில்லை என்பதுதான் என்னைச் சுட்டது. கேஸ் என் மேலும் பாயும் என்று பயந்து என் மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நல்லவேளை, பாயவில்லை. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்துச் சொந்தமாக வரைய ஆரம்பித்தேன்.

4. மறுபடியும் தனசேகர்

நான் வேலையை நிறுத்தப் போகிற வருஷம் ஒரு போன் வந்தது.

"குமரேசன் சார், நான் தனசேகர். எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒருத்தன் ஆறு மாடிக்கு ஹாஸ்டல் கட்டறான் சார். இது ரெசிடென்ஷியல் ஏரியா. ரோடு சின்னது. என் பேத்தி சைக்கிள் ஓட்டற ரோடு சார் அது. ரூல்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா என்கிட்ட ஏன் வர்றீங்க?"

"நீங்கதான் சார் உள்ளதை உள்ளபடி எழுதற ஆளு."

மனுஷனுக்குக் குரலில் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை. போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ரோட்டில் அவர் மட்டுமா குடியிருக்கிறார்? போனேன், அளந்தேன். பத்தொன்பதரை அடி வந்தது.

தனசேகர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பதினாறுன்னு போடுங்களேன் சார். கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கும்."

பத்தொன்பதரை என்று எழுதி ஆட்சேபணை மனுவை அவரிடம் கொடுத்தேன். அதுவே போதுமானதாக இருந்தது. ஹாஸ்டல் மூன்று மாடியோடு நின்றது. தனசேகர் ஒரு கிலோ மைசூர்பாக் அனுப்பிவைத்தார். கூடவே ஆள் மூலம் ஒரு செய்தியும்: பதினாறு என்று போட்டிருந்தால் இரண்டு மாடியோடு நின்றிருக்குமாம்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ரூல் வேண்டும் என்று வருகிறவரும் பொய் அளவுதான் கேட்பார், வேண்டாம் என்று வருகிறவரும் பொய் அளவுதான் கேட்பார். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தான். அவர் முகத்தைப் பார்க்காமல், நோட்டில் என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள்.